அண்ணன் கத்திய ரெக்கார்டு

எண்பதுகளின் தொடக்கத்தில், செட்டிகுளம் முருகன் கோயில் மலையடிவாரத்தில் என் மகனுக்குக் காது குத்திய அன்று நடந்தது இது. நான் பிறந்தது அரியலூர் பக்கத்து ரெட்டிபாளையம், வாழ்க்கைப்பட்டது பெரம்பலூர்ப் பக்கம். காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் தாய்மாமன். எனக்கு ஒரே அண்ணன். அவர்தான் ஊரில் இல்லையே!

சிமெண்டு ஆலை வாசலில் வேலைக்கு நின்று நின்று வெறுத்துப்போய், பம்பாய்க்கு ஓடி, கப்பல் சமையலறையில் சேர்ந்தவர் அண்ணன். லண்டனில் கப்பலை விட்டு இறங்கியவர் திரும்ப ஏறவே இல்லை. கையில் பாஸ்போர்ட் எதுவும் இல்லாததால் ஊருக்கும் வர வழியில்லை. ஏதோ ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அவரோடு கப்பலில் இருந்த ஒருவர் காதுகுத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு ரெட்டிபாளையம் வந்து, சின்ன ரெக்கார்டு ஒன்றை அம்மா கையில் கொடுத்தார். உறையைப் பார்த்தாலே சிரிப்பு வரும். செய்தித்தாள் எழுத்துகளை வெட்டிக் கோணல்மாணலாக ஒட்டி அச்சடித்த கறுப்பு வெள்ளைத் தாள்.

"வேலையில்லாத பசங்க சேந்துக்கிட்டு கத்துறாங்கம்மா, பங்க்குன்னு பேரு. ரெக்கார்டையும் அவங்களே போட்டுக்கறாங்க. ஓட்டலுக்கு சாப்புட வர்ற பசங்க உங்க மவனையும் இழுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. ரெண்டாம் பக்கம் கடைசில அவன் குரல் இருக்கு" என்றார் அவர்.

எங்கள் வீட்டில் ரேடியோவே கிடையாது. ரெக்கார்டு போடும் பெட்டிக்கு எங்கே போவது? அம்மா அதைப் பழைய புடவையில் சுற்றி வைத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். தாய்மாமன் சீரோடு அரியலூரிலிருந்து ரெக்கார்டு பெட்டியும் ஸ்பீக்கருமாக மைக்செட்டும் வர வேண்டும்.

"ஆளுதான் வரல, அவன் குரலாவது வரட்டும். அது கேக்குற நேரத்துல காது குத்துங்க" என்று சொல்லிவிட்டார். மாமியார் வீட்டில் ஏற்கெனவே மாமன் இல்லாத காதுகுத்து என்று ஜாடை பேசிக்கொண்டிருந்தார்கள். இது வேறா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிள்ளையார் பாட்டு முடிந்ததும் மைக்செட்காரர் அந்த ரெக்கார்டைப் போட்டார். அம்மாடி! புளியமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கிழிந்துவிடும் போல ஒரு சத்தம். கிட்டாரும் டிரம்மும் தொண்டை கிழியும் கத்தலும். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"என்ன சம்பந்தி, தகரக் கொட்டாய் ஏதும் சரிஞ்சிருச்சா?" என்று அம்மாவைக் கேட்டார் என் மாமனார். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. அண்ணனுக்குப் பதிலாக உட்கார்ந்த என் பெரியப்பா மகன் மடியில் பிள்ளை இருந்தான். ஆசாரி கம்பியோடு காத்திருந்தார். மேடுபள்ளமான தரையில் பெட்டி ஆடியதால் ரெக்கார்டின் முள் தாண்டித் தாண்டி ஓடியது. குரல் இருக்கும் இடமும் தாண்டிவிடுமோ என்று அம்மா பதறினார். மைக்செட்காரர் ஒரு நாலணாவை எடுத்து முள்ளின் தலைமேல் வைத்தார். முள் அடங்கி ஓடியது. இங்கிலீஷ் கத்தலுக்கு நடுவில் திடீரென்று ஒரு தமிழ்க் குரல்.

"வூட்டுக்குப் போவணும்டா! வூட்டுக்குப் போவணும்டா!"

சிரித்த கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. கூட நின்று கத்திய பையன்களுக்கு அது என்ன புரிந்திருக்கும்? ஆசாரி குத்திவிட்டார். பிள்ளை வீறிட்டான். அம்மா ஓடிப்போய் அந்தப் புளியமரத்தைக் கட்டிக்கொண்டு, "வந்துர்றா என் சாமி, வந்துர்றா" என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கதறினார். என் மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அரியலூர் போகும்போதெல்லாம் அம்மா ரெக்கார்டை எடுத்துக்கொண்டு அந்த மைக்செட் கடைக்குப் போய்விடுவார். நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன். அந்த மனிதர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எத்தனை வேலை இருந்தாலும் அம்மாவுக்கு ஸ்டூல் போட்டு, முள்மேல் காசு வைத்து, அந்த இடத்தைப் போட்டுக் காட்டுவார். போகப்போக அண்ணன் குரல் தூரத்தில் கேட்பது போல ஆனது. பிறகு சளி கட்டியது போல ஆனது. நானும் கூடப் போயிருந்த ஒரு நாள் வெறும் இரைச்சல்தான் வந்தது.

மைக்செட்காரர் மறுபடி போட்டுப் பார்த்தார்.

"காசு வச்சு அமுக்குனதுல தேஞ்சிருச்சும்மா. உங்க புள்ள கொரல் தாண்டிடக் கூடாதுன்னுதான் வச்சேன். நானே அழிச்சிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எரைச்சல் இல்ல தம்பி அது. கத்திக் கத்திக் களைச்சு மூச்சு வாங்குறான். இப்பப் பேசுவான், செத்த நேரம் விடுங்க."

அந்த மனிதர் பெட்டியை நிறுத்தவில்லை. ரெக்கார்டு முடியும்வரை மூவரும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அண்ணனோடு கப்பலில் இருந்தவர் மறுபடி லண்டன் போய் வந்தார். ஓட்டலை மூடிவிட்டார்களாம், அண்ணன் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லையாம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. கேட்டுக் கேட்டுத்தான் அந்தக் குரலை அழித்தோம், கேட்காமல் இருந்திருக்கவும் எங்களால் முடியாது. இப்போதும் எங்காவது ரேடியோ சும்மா இரைந்தால், அணைக்கப் போன என் கை அப்படியே நின்றுவிடுகிறது.