தெரியாத பூச்சு

மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பழைய கல் பங்களா இருக்கிறது. மழைக்காலம் வந்தால் அதன் வடக்குச் சுவரில் பாசியேறும். கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்து உதிரும். சேலத்தில் ஓர் ஆய்வகத்தில் கல்லுக்கான நானோ பூச்சு தயாரிப்பது என் வேலை. ஒரு பகுதியில் மட்டும் அடித்துப் பார்க்க எஸ்டேட்காரர் சம்மதித்தார். கல்லின் நிறம் மாறக்கூடாது, அடித்ததே தெரியக்கூடாது என்றார். தெரியவே தெரியாது என்றேன்.

பூச்சு காய்ந்ததும் அவரை அழைத்துக் காட்டினேன். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இனிமேத்தான் அடிக்கப் போறீங்களா?"

அடித்தாயிற்று என்றேன். அவர் நம்பவில்லை. பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிச் சுவரில் ஊற்றினேன். பூசாத கல் நனைந்து கறுத்தது. பூசிய கல்லில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. வெளி நீர் உள்ளே போகாது, உள்ளிருக்கும் ஈரம் மட்டும் ஆவியாக வெளியேறும் என்று விளக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. அக்கா இரண்டாவது சொம்போடு வந்து நின்றார்.

அதன்பின் பங்களாவுக்கு வந்தவர்களெல்லாம் சுவரில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். வாழவந்தியிலிருந்து அக்காவின் சொந்தக்காரர்கள் அதற்காகவே வந்தார்களாம். மோரும் ஊற்றியிருக்கிறார்கள். ஒருநாள் அக்கா போன் செய்தார்.

"சார், ரசங்கூட ஒட்டலீங்க."

அந்தப் பெருமிதம் எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் இருந்ததில்லை. தண்ணீரிலிருந்து காப்பாற்ற வந்த சுவரை நானே தினமும் குளிப்பாட்ட வைத்துவிட்டேனே என்று கவலையாக இருந்தது. நிறுத்தச் சொன்னேன். சரிங்க என்றார். நிறுத்தவில்லை.

மழை ஓய்ந்தபின் போனேன். சுவர் முழுக்கப் பாசி. நான் பூசிய இடம் மட்டும், காலண்டரைக் கழற்றிய சுவர் போல, நாலு மூலையும் கச்சிதமாகப் பளிச்சென்று இருந்தது. பூச்சு வேலை செய்த சந்தோஷத்தில் திரும்பினால், எஸ்டேட்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"தெரியவே தெரியாதுன்னீங்க. இப்ப ரோட்டுல போற பஸ்ஸுல இருந்தே தெரியுதுங்க."

பிறகு அவரே சிரித்துவிட்டு, மிச்சத்தையும் அடித்துவிடச் சொன்னார்.

பாசியைச் சுரண்டிச் சுவர் முழுவதும் பூசினோம். அக்காவுக்குத்தான் வருத்தம். எல்லா இடமும் ஒன்றுபோல் ஆகிவிட்டால் வருகிறவர்களுக்கு வித்தியாசத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்டார். சமையலறைக் கதவோரம் ஒரே ஒரு கல்லைப் பூசாமல் விட்டு வந்தேன். எஸ்டேட்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.