அடி எடுத்துக் கொடுத்த அக்கா

எங்கள் ஊர்ச் சபையில் பாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வாயை நான் அடைத்தேன். கோபத்தில் அல்ல. தீர்மானம் எழுதி, கமிட்டியில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, முறைப்படி அடைத்தேன். முப்பது வருஷம் ஆகிறது.

ஊர் படாளத்துக்குப் பக்கம். ஆலயத்தைக் கட்டியவர்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பாதிரிமார். அன்று எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் எழுத்து தெரியாது. எல்லோரும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அதனால் பாட்டுப் புத்தகத்துக்கு வேலையில்லை. ஒருவர் எழுந்து சங்கீதத்தின் ஓர் அடியைத் தனியாகப் பாடுவார். சபை அதை வாங்கி, இழுத்து, அவரவர் தொண்டைக்குத் தக்கபடி வளைத்துப் பாடும். பிறகு அடுத்த அடி. பைபிளில் உள்ள சங்கீதங்களைத்தான் சொல்கிறேன். இதற்கு எங்கள் ஊரில் ‘அடி எடுக்கிறது’ என்று பெயர்.

நான் செயலாளராக இருந்தபோது அடி எடுத்தவர் ஒரு அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை, சங்கீதங்களில் பாதிக்கு மேல் மனப்பாடம். நானோ எங்கள் தெருவின் முதல் பட்டதாரி, கல்பாக்கத்தில் விஞ்ஞானி. இதை நான் சொல்ல மறந்தாலும் என் நடை சொல்லிவிடும்.

என் மகளின் ஞானஸ்நானத்துக்கு அலுவலக நண்பர்களை அழைத்திருந்தேன். அக்கா முதல் அடியை எடுத்தார். சபை இழுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் என் காதருகே குனிந்து, உண்மையான அக்கறையோடு கேட்டார்: “யாராவது தவறிட்டாங்களா சார்?”

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அக்கறையைத் தாங்க முடியவில்லை. அடுத்த கூட்டத்திலேயே, ஆராதனையில் ஒப்பாரித் தன்மையை நீக்கி மேல்நாட்டு முறைப்படி பாடுவது என்று தீர்மானம் எழுதினேன். ‘மேல்நாட்டு முறை’ என்றதும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கீபோர்டு வந்தது.

ஆலயத்துக்கு வெளியே குழாயடியில் அக்காவிடம் சொன்னேன்.

“அக்கா, இனிமே நீங்க அடி எடுக்க வேணாம்.”

“இன்னா தம்பி, தப்பா எடுத்துட்டனா?”

“தப்பில்லக்கா. ஒப்பாரி மாதிரி இருக்குன்னு சொல்றாங்க.”

“யாரு சொல்றாங்க?”

நான் குழாயைத் திறந்து கை கழுவினேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “சரி. படிச்சவங்க பாத்துக்குங்க,” என்றார். அன்றிலிருந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். வாய் திறக்கவில்லை.

கீபோர்டில் பலவகை ஒலிகள் இருந்தன. ஒன்று ஸ்காட்லாந்துக்காரர்கள் ஊதும் பேக்பைப். கிறிஸ்துமஸ் அன்று அந்தப் பொத்தானை அழுத்தினால் கமிட்டி பூரித்துப்போகும். “நம்ம பாதிரிமாருங்க கொண்டாந்த இசை இதுதான்,” என்று நானே விளக்கம் கொடுத்திருக்கிறேன். எதுவும் தெரியாமல்தான்.

போன வருஷம், ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் அதே மகளோடு இரண்டு மாதம் இருந்தேன். அவள் வடக்கே ஒரு தீவுக்கு அழைத்துப்போனாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறிய ஆலயத்துக்குப் போனோம். வாத்தியம் எதுவும் இல்லை. ஒரு கிழவர் எழுந்து ஓர் அடியைத் தனியாகப் பாடினார். சபை அதை வாங்கி இழுத்தது. ஒருவர் முந்த, ஒருவர் பிந்த, ஒவ்வொருவரும் தன் போக்கில் வளைத்தார்கள். ஆனாலும் பாட்டு ஒன்றாகவே போனது. அது ஆங்கிலம் அல்ல, தீவுக்காரர்களின் பழைய மொழி; ஒரு சொல்லும் விளங்கவில்லை. எந்த இடத்தில் மூச்சு வாங்குவார்கள் என்பது மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரிந்தது.

வெளியே தேநீர் கொடுத்த ஒருவர், புத்தகம் இல்லாத காலத்திலிருந்தே வரும் பழக்கம் என்றார். பிற ஊர்களில் படித்தவர்கள் இதற்கு வெட்கப்பட்டு ஆர்கன் வாங்கிவிட்டார்களாம். அங்கேயும் செயலாளர்கள் இருந்திருக்கிறார்கள். மேல்நாட்டு முறைக்காக நான் எங்கள் சபையிலிருந்து ஒழித்தது, பாதிரிமார் கொண்டுவந்த அந்த மேல்நாட்டு முறையைத்தான்.

ஊர் திரும்பியதும் போதகரிடம் அனுமதி கேட்டுச் சபை முன் நின்றேன். செல்போனில் பதிவுசெய்து வந்ததை மைக்கில் போட்டுக் காட்டினேன். ஸ்காட்லாந்தின் வரலாற்றோடு சேர்த்து இருபது நிமிஷம் பேசினேன். கடைசியில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி அடி எடுக்க வேண்டும் என்றேன். சபை கை தட்டியது. அக்கா தட்டவில்லை.

ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“தம்பி, அந்தச் சீமைக்காரங்க வேற மாதிரி பாடியிருந்தா?”

“புரியலக்கா.”

“அப்ப என்னுது ஒப்பாரிதானா?”

நான் கையிலிருந்த செல்போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

“அவன் பாடினா சங்கீதம். நான் பாடினா, நீ ஏரோப்ளேன்ல போயி, அவனும் இப்படித்தான் பாடிகினு கீறான்னு பாத்துட்டு வந்து சொன்னாத்தான் சங்கீதம். நல்லா கீது உன் நாயம்.”

தவறைத் திருத்தப் போய் அதே தவறை மைக் வைத்துச் செய்திருந்தேன். மறு ஞாயிறு மறுபடி எழுந்தேன். “அக்கா நன்றாகத்தான் பாடினார். என் ஆபீஸ்காரர்கள் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் நிறுத்தினேன்.” அவ்வளவுதான் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை.

அக்கா ஆலயத்தில் அடி எடுக்க ஒப்பவில்லை. “அங்கதான் ஸ்கிரீன்ல எழுத்து ஓடுதே, அதைப் பாத்துப் பாடுங்க,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “வெள்ளிக்கிழம எங்க வூட்ல ஜெபக்கூட்டம். வர்றதுன்னா வா. செல்போனு வோணாம்,” என்றார்.

போனேன். அக்காவோடு சேர்த்து எட்டுப் பெண்கள். நான் வாசலோரம் உட்கார்ந்தேன். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் அடி எடுத்தார். எனக்குத்தான் தெரியுமே என்று எல்லோரையும் முந்திக்கொண்டு ஆரம்பித்தேன். இரண்டு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அக்கா கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார்.

“செக்ரட்டரி புதுசா சேந்துகீறாரு,” என்றார் மற்றவர்களிடம். “கொஞ்சம் மெதுவா போவலாம்.”

அதே அடியை முதலிலிருந்து எடுத்தார்.