எரிமலைச் சேற்றில் ஒரு பகிடி

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதி யாருக்கு என்ன லாபம் என்று சாக்கும் வைத்திருந்தேன். உண்மையான காரணம் வெட்கம்.

தொண்ணூறுகளில், இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் போர்கோ வெக்கியோப் பகுதியில் நானும் ஒரு மன்னார்க்காரனும் ஒரே அறையில் இருந்தோம். பொலிதேயாமா நாடக அரங்கின் பக்கத்துப் பணக்கார வீடுகளின் பளிங்குப் படிகளைக் குந்தியிருந்து தேய்த்துத் தேய்த்து அவனுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. நான்கு வருடப் பிரிவுக்குப் பிறகு அவன் மனைவி வரப்போகிறாள். விமான நிலையத்தில் நொண்டாமல் அவள் முன்னால் போய் நிற்க வேண்டும், அதுதான் அவனுடைய ஒரே கவலை. வேலை செய்த வீட்டு சிஞோரா, வுல்கானோ தீவின் எரிமலைச் சேறு மூட்டுவலிக்கு நல்லது என்றிருக்கிறாள். மனைவி வர மூன்று நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, இருவரும் படகேறினோம்.

கறுப்பு மணல். புல் முளைக்காத மலை. மஞ்சளாய்க் கந்தகம் படிந்த பாறை வெடிப்புகளில் புகை.

"கூழ்முட்டை நாத்தமடா," என்றான்.

"நீ சப்பாத்தைக் கழட்டாதை மச்சான், எரிமலை மயங்கி விழுந்திடும்."

சேற்றுக் குளத்தருகே ஒரு பலகை இருந்தது. அவனுக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது.

"என்ன போட்டிருக்கு?"

பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது, கண்ணில் படக்கூடாது என்று போட்டிருந்தது.

"காயுமட்டும் பூசிக்கொண்டு இருக்க வேணுமாம். முகத்துக்கும்," என்றேன்.

"ஓம், காய்ஞ்சால்தானே பிடிக்கும்."

மூலிகை அரைத்துப் பூசினால் காயும்வரை கழுவாதவர்கள் நாங்கள். அதனால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. திருநீறு பூசிய சாமியார்போல் வெயிலில் குந்தியிருந்தவனைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தேன். நெற்றிச் சேறு வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கி, அவன் கத்தியபோதுதான் சிரிப்பு நின்றது.

மூன்றாம் நாளும் கண் வீக்கம் வற்றவில்லை. விமான நிலையத்தில் என் தோளைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்தான். மனைவி எதிரே வந்து நின்றுவிட்டாள்.

"எந்தப் பக்கமடா நிக்கிறாள்?" என்று என் காதுக்குள் கேட்டான்.

"நேரைதான்," என்றேன். அன்று முழுக்க என் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, வுச்சீரியாச் சந்தையில் அவன் மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்: "அந்தப் பலகையை வேணுமெண்டுதான் மாத்தி வாசிச்சனான்."

அவன் மீனின் செவுளைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மனுசிக்குச் சொல்லிப்போடாதை, அவளை நினைச்சு அழுதுதான் கண் வீங்கினது எண்டு இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்."