உள்ளே இரண்டு பேர்

பெயர் எங்கே இருக்கிறதோ அங்கே ஆளும் இருப்பான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில், பழவேற்காட்டு மீனை ஐஸில் போட்டு வைப்பதுபோல் என்னை ஒரு குளிர் அறையில் போட்டு வைத்திருந்தார்கள். பகலெல்லாம் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தவன் எதை வேண்டுமானாலும் நம்புவான். குளிர் எனக்காக அல்ல, கம்ப்யூட்டருக்காக.

அதற்குத் திரை கிடையாது. தட்டச்சு இயந்திரம் போன்ற ஒன்றில் நான் கட்டளையை அடித்தால், அதே காகிதத்தில் தடதடவென்று பதில் விழும். காலையில் அதை எழுப்புவது, சாயங்காலம் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு முறைப்படி தூங்கவைப்பது, இடையில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்பது, இவ்வளவுதான் உத்தியோகம். கேட்டால் இரண்டு பெயர் வரும். ஒன்று நான். இன்னொன்று குடோன் அண்ணன்.

அண்ணன் ஆலையின் மறுகோடியில், இதே போன்ற இன்னோர் இயந்திரத்தில் சரக்குக் கணக்கை அடிப்பவர். நடுவே உலைக்கொட்டகை. அவர் சோழவரத்திலிருந்து பஸ்ஸில் வருவார், நான் பொன்னேரியிலிருந்து ரயிலில். கம்ப்யூட்டரை விட்டு நான் நகரக்கூடாது என்பதால், சம்பள வரிசையில் முகம் பார்த்தால் உண்டு. ஆனால் கம்பி வழியே பேசுவோம். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம்.

"இன்னா நைனா, நாஷ்டா துன்னியா?" என்று காகிதத்தில் விழும்.

"துன்னேன். உப்புமா. அத்த வெச்சி வூட்டுக்கு தளம் போடலாம்" என்பேன்.

இதெல்லாம் காலையில். மத்தியானம் பதிலே வராது. வேலை மும்முரம்போல என்று நினைத்துக்கொள்வேன். இருந்தாலும் யார் உள்ளே என்று கேட்பேன். இரண்டு பெயர். கொஞ்ச நேரம் கழித்து, வேலையே இல்லாமல், மறுபடியும் கேட்பேன். இரண்டு பெயர். அந்தக் காகிதத்தைக் கிழித்து டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

ஒரு மத்தியானம் எலக்ட்ரிகல் ஃபோர்மன் போனில் கத்தினார். "யோவ் கம்ப்யூட்டரு! டிரான்ஸ்ஃபார்மரு நெருப்பு கக்குது. கரண்ட்டை நிறுத்தப் போறேன், உன் பொட்டியை மூடு!"

முறைப்படி மூடாமல் மின்சாரம் போனால் உள்ளே சுழலும் வட்டு கெட்டுவிடலாம். வட்டு போனால் ஆலையின் கணக்கு போகும், கணக்கோடு என் வேலையும் போகும். அவசரத்துக்கு ஒரு கட்டளை உண்டு. உள்ளே இருப்பவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும். ஆனால் அவர் பாதியில் அடித்து வைத்திருப்பதெல்லாம் அழிந்துவிடும். அண்ணனுக்கு அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை. "அண்ணே, வெளிய வாங்க" என்று அடித்தேன். பதில் இல்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். குடோனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெயர் மட்டும் அசையவில்லை.

நெஞ்சுவலிதான் என்று முடிவு கட்டினேன். தலை சாய்ந்து கிடக்கிறார். இரங்கல் கூட்டத்தில் நான் பேசவேண்டியதுகூட மனசுக்குள் தயாராகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற அறை அது, மாட்டத் தோன்றவில்லை. இரும்புத்தூள் கொதிக்கும் வெயிலில் வெறுங்காலோடு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, உலைதான் வெடிக்கப்போகிறது என்று உலைக்காரர்களும் கொஞ்ச தூரம் கூடவே ஓடினார்கள்.

குடோனில் நாற்காலி காலி. இயந்திரம் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. காகிதத்தில் என் "வெளிய வாங்க" ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்து கிடந்தது. பின்வாசலுக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில், அண்ணன் மசால்வடை தின்றுகொண்டிருந்தார்.

"இன்னாபா, காலுல செருப்புகூட இல்லாம ஓடியாற?"

"உங்க பேரு உள்ள இருக்குதே அண்ணே!"

"பேரு இருக்கும்பா. பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிறோம் இல்ல, அது மாதிரி. எங்களுக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் சேத்து இருக்கறது ஒரே லைனு. நான் பேரை எடுத்தா அவன் புடுங்கிக்கினு போயிடுவான்."

"நீங்க அடிச்ச கணக்கு?"

"அதெல்லாம் காலைலயே உள்ள போட்டு மூடிட்டேன். நீ தள்ளி வுட்டிருக்கலாமே."

"அப்போ மத்தியானமெல்லாம்?"

"மத்தியானம் அந்த டப்பாகிட்ட யாரு குந்துவா? டெய்லி இங்கதான். வடை துன்றியா?"

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னால் குடோனில் உறுமல் நின்றது.

இப்போது வேலை செய்கிற இடத்தில் அறை பெரிது, திரை பெரிது. கேட்கிற கேள்வி மட்டும் அதேதான். கேட்டால் பெயர்கள் திரை கொள்ளாமல் வருகின்றன. எது ஆள், எது துண்டு என்று பார்த்துச் சொல்ல முடியாது. நான் பாட்டுக்குத் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்றைக்கு வட்டு கெடவில்லை. வேலையும் போகவில்லை. மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டர் எழுந்து தேதி கேட்டது, அடித்தேன். நேரம் கேட்டது; அடித்தேன். பிறகு, யார் உள்ளே என்று நான் கேட்டேன். ஒரு பெயர் வந்தது. என்னுடையது.