ஞாயிறு மாலை ஐந்து மணி வரை

மகள் ஜெனி கைக்குழந்தையாக இருந்தபோது காணாமல்போன என் கணவர் இறந்துவிட்டதாகவே நம்பினேன். கல்லறைத் திருநாள்தோறும் காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றுவேன். "அப்பா இங்கதான் இருக்காரு" என்பேன்.

போன வருடம் அவர் உயிரோடு வந்து நின்றார். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணி வரை மகளோடு இருக்கலாம் என்றது கோர்ட்.

முதல் ஞாயிறு ஜெனி அழவே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். எனக்குத்தான் எரிச்சல்.

ஐந்து மணிக்கு அவரிடமிருந்து போன். "கல்லறைத் தோட்டத்துக்குச் சீக்கிரம் வா."

ஓடினேன். கேட்டருகே அவர் வெளிறிப்போய் நிற்க, ஜெனி அவரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"டைம் ஆயிடுச்சு, உள்ள போங்கப்பா. அடுத்த சண்டே வாங்க."

இப்போதும் அவர் வந்ததும், கையில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மகளை அனுப்புகிறேன்.