வேண்டாம் என்று சொன்ன லிமிட்

திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வீடு விழுப்புரத்தில். சம்பளம் வந்துகொண்டிருந்த வங்கி, ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்காமலே ஒரு கிரெடிட் கார்டு கொடுத்தது. லிமிட் நாற்பதாயிரம். மளிகைக்கும் கேஸுக்கும் தேய்ப்பேன். கெடு தேதிக்கு முன்பே கட்டிவிடுவேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதனால்தானோ என்னவோ, லிமிட்டை ஒன்றரை லட்சமாக ஏற்றித் தருகிறோம் என்று வங்கியிலிருந்து அடிக்கடி அழைத்தார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்தபோது என் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"வாங்கி வச்சிக்கோங்களேன். செலவா பண்ணப் போறோம்? ஆத்திர அவசரத்துக்குக் கெடக்கட்டும்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆலையில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் மூன்று கார்டு வாங்கி, ஒன்றைக் கட்ட இன்னொன்றில் எடுத்து, கடைசியில் ஊரை விட்டே போனதைப் பார்த்தவன். இருந்தால் கை சும்மா இருக்காது என்றேன். அவள் மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

போன வருஷம் ஆலையில் வியாபாரம் படுத்துவிட்டது. முதலாளி சம்பளத்தை வங்கியில் போடாமல், இரண்டு மூன்று தவணையாகக் கையில் கொடுக்கத் தொடங்கினார். வங்கியின் அழைப்புகளும் நின்றன. நின்றதை நான் கவனிக்கக்கூட இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மனைவி கூப்பிட்டாள்.

"இன்னாங்க, எடது கண்ணுல கருப்பா ஒரு துணி தொங்கிக்கினு இருக்கற மாதிரி இருக்குது. தொடச்சாலும் போவல."

பாண்டிச்சேரியில் ஒரு தனியார் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். விழித்திரை ஓரத்தில் கழன்றிருக்கிறது, நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கிறது, நாளைக்கே ஆபரேஷன் செய்தால் பார்வையைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். எண்பதாயிரம் ஆகும். அரசு மருத்துவமனையில் விசாரித்தால் பத்து நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது. நகையெல்லாம் மகளின் நர்சிங் படிப்புக்காக ஏற்கெனவே அடகில் இருந்தது.

அந்த மருத்துவமனை பெஞ்சிலேயே உட்கார்ந்து, லிமிட்டை ஏற்றச் சொல்லி போனில் விண்ணப்பித்தேன். ஒரு நிமிஷம் ஆகவில்லை, தற்போது தகுதியில்லை என்று பதில் வந்தது. மறுநாள் காலை விழுப்புரம் கிளை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். அங்கிருந்த பெண் அதிகாரி என்னை உட்கார வைத்து, கணினியைப் பார்த்தார்.

"அஞ்சு மாசமா உங்க அக்கவுண்ட்ல சம்பளமே வரல சார். சிஸ்டம் எடுத்துக்காது. சம்பளம் ஒழுங்கா வந்துக்கினு இருந்தப்பவே ஏத்தியிருந்தீங்கன்னா, இப்ப இந்தப் பேஜாரே இல்ல."

நீங்கள்தானே கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தருகிறோம் என்றீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்றது நான்தான். எழுந்து வந்துவிட்டேன்.

தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். கெடாரில் இருக்கும் மைத்துனன், மூட்டை கட்டி வைத்திருந்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, வந்த விலைக்கு விற்றுத் தள்ளி, பணத்தை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்தான். மீதியைக் கார்டில் தேய்த்தேன். சனிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. அதற்குள் நடுப்பகுதியும் கழன்றிருந்தது.

கட்டுப் பிரித்த பிறகு அவளுக்கு அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரிந்தது. கையை ஆட்டினால் நிழல் தெரிந்தது. அவ்வளவுதான். டாக்டரைத் தனியாகப் பார்த்து, செவ்வாய்க்கிழமையே செய்திருந்தால் என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "பார்வையப் பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

தைக்க வந்த துணிகளை அவளே வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தாள். வலது கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. டீ டம்ளரை மேஜை விளிம்புக்கு வெளியே வைத்துவிடுகிறாள். அது விழுந்து தரையெல்லாம் டீ ஓடுகிறது. துணி எடுத்துவந்து குனிந்து துடைக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுவிட்டால் தேவலை என்று நினைத்துக்கொண்டு, நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.