கலகாரியில ஆர் ஓடுறது

குசினி மேசையைச் சுத்தி இருந்த ஆக்கள்: என்ர மனிசி. எங்கட மகள், ஏழு வயசு. மேல்மாடியில இருந்த மெக்கானிக் அண்ணை. நான். ரெலிபோன் ஸ்பீக்கரில மனிசியின்ர தமையன். அவர் பொட்ஸ்வானாவில கணக்கு வாத்தியார்.

தொண்ணூறுகளின்ர துவக்கம் அது. நாங்கள் ரொறொன்ரோவில, அஜின்கோர்ட் பக்கம் ஒரு அப்பார்ட்மென்றில இருந்தம். பெப்ரவரி மாசம், வெளியில பனி.

தமையனுக்குச் சலரோகம். ஒரு கண் பார்வை போச்சு. மற்றக் கண்ணும் மங்கிக்கொண்டு வருது. டொக்ரர் ஒரு வருசம் தவணை சொன்னவராம். மனிசி அவரைக் கண்டு பன்னிரண்டு வருசம். எங்களிட்ட அவர் ஒண்டும் கேட்டு நான் அறியன். இந்த முறை கேட்டார். ஆகஸ்ற் லீவுக்கு வாங்கோ எண்டார். கலகாரிப் பாலைவனத்தில ஒரு விலங்குப் பூங்கா இருக்காம். இவ்வளவு காலம் அந்த நாட்டில இருந்தும் போகேல்லையாம். கண் தெரியேக்க, தங்கச்சியோட போய் ஒரு சிங்கம் பாக்கோணுமாம்.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டுற கொம்பனியள் இருக்கு. அது எங்களுக்குக் கட்டாது. கூடப் படிப்பிக்கிற ஒருத்தர் தன்ர பிக்கப்பைத் தாறன் எண்டிருக்கிறார். நாலு சில்லும் இழுக்கிற பிக்கப். நாங்களே ஓடிக்கொண்டு போகலாம். ஆனால் தமையனால இனி ஓடேலாது.

“மச்சான், உங்களுக்குக் கிளச் வண்டி ஓடத் தெரியும்தானே?”

“ஓம்” எண்டன்.

தெரியாது. நான் ரொறொன்ரோவுக்கு வந்துதான் கார் பழகினன். அதுவும் ஓட்டோமற்றிக். மனிசி என்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தா. அந்தப் பார்வைக்கு முன்னால இல்லை எண்டு வாயில வரேல்லை. மெக்கானிக் அண்ணைக்கு என்ர கார் தெரியும். அவர் ஒருக்கா இருமினார்.

ரெண்டு கிழமையால தமையன்ர கடிதம் வந்துது. கையால கீறின வரைபடம். எங்க கேற், எங்க படுக்கிற காம்ப், எங்க தண்ணி, எங்க பெற்றோல். கீழ சட்டங்கள். சூரியன் விழமுன்னம் காம்புக்கை நிக்கோணும். வழியில காரை விட்டு இறங்கக்கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லீற்றர் தண்ணி. மணலில புதைஞ்சால் பதறக்கூடாது, ரயர்க் காத்தை இறக்கோணும், முந்திப் போன தடத்திலயே போகோணும்.

மனிசி தன்ர பாட்டில வேற ஒரு லிஸ்ற் எழுதினா. வறுத்த மிளகாய்த்தூள். அரிசிமா. மீன் ரின் பன்னிரண்டு. புட்டுக்குழல்.

“புட்டுக்குழல் என்னத்துக்கு?” எண்டு கேட்டன்.

“அண்ணா பன்னிரண்டு வருசமாப் பாண்தான் தின்னுறார்.”

“அம்மா, லயனுக்கு ஸ்மெல் பண்ணுமே?” எண்டாள் மகள்.

“பண்ணினால் அதுக்கும் ஒரு துண்டு குடுப்பம். நீ பாலைக் குடி.”

ஞாயிறு காலமை நானும் மெக்கானிக் அண்ணையும் அவரின்ர பழைய பிக்கப்பில வெளிக்கிடுவம். பூட்டிக் கிடந்த ஒரு பக்ரறியின்ர பார்க்கிங். அண்ணை முதல் நாளே சொன்னார்.

“மணலும் பனியும் ஒண்டுதான் தம்பி. இஞ்சை ஓடினால் அங்கையும் ஓடுவாய்.”

நான் இஞ்சையும் ஓடேல்லை. கிளச்சில இருந்து காலை எடுக்க வண்டி நிண்டுபோகும். திருப்பி ஸ்ராட் பண்ண மாடு மாதிரிப் பாயும். பிறகும் நிண்டுபோகும். கியர் போடேக்க வாற சத்தத்துக்கு அண்ணை கண்ணை மூடுவார்.

“ஐசே, உன்னைச் சிங்கம் தின்னாது. சிரிச்சே செத்துப்போகும்.”

மூண்டு ஞாயிறு இப்பிடிப் போச்சு. வீட்டில மனிசி கேப்பா, எப்பிடி எண்டு. பரவாயில்லை எண்டுவன். அவ அண்ணாவுக்கு எழுதுவா, இவர் நல்லாப் பழகிறார் எண்டு. நான் அதைப் பாக்காத மாதிரி இருப்பன். வேலை செய்யிற ரெஸ்ரோறன்றில பானை கழுவேக்கையும் இடது கால் தன்ர பாட்டில கிளச் மிதிக்கும்.

நாலாம் ஞாயிறு மனிசி தேத்தண்ணிப் போத்தலோட தானும் வாறன் எண்டு வெளிக்கிட்டா. மகளும் வந்தாள். வேண்டாம் எண்டு சொல்ல ஒரு காரணம் தேடினன், கிடைக்கேல்லை.

இரவு புதுப் பனி கொட்டியிருந்துது. பத்து அடி போனன். வண்டி புதைஞ்சுது. நான் இன்னும் மிதிச்சன். இன்னும் புதைஞ்சுது. கிளச் எரியிற மணம் வந்துது. மகள் மூக்கைப் பொத்தினாள். மெக்கானிக் அண்ணை அங்கால திரும்பி நிண்டு சிகரெற் பத்தினார்.

நான் ஸ்ரியரிங்கில கையை வைச்சுக்கொண்டு இருந்தன். மனிசி கதவடிக்கு வந்தா.

“எனக்குத் தெரியாது” எண்டன். “அண்டைக்குப் பொய் சொன்னனான்.”

“எனக்குத் தெரியும்.”

“எப்பிடி?”

“நீங்கள் ஓம் எண்டு சொன்ன வேகத்தில. இறங்குங்கோ.”

இறங்கினன். அவ பனிக்கை குந்தியிருந்து, வீட்டுத் திறப்பின்ர நுனியால வால்வை அமத்தி நாலு ரயரிலயும் காத்தை இறக்கினா. கோட்டைக் கூட்டிப் பிடிச்சுக்கொண்டு ஏறினா. சீற்றை முன்னுக்கு இழுத்தா. வண்டியை ஒருக்காப் பின்னுக்கு, ஒருக்கா முன்னுக்கு, திருப்பிப் பின்னுக்கு. வண்டி வெளியில வந்துது. ரெண்டாம் கியர் போட்டா. பார்க்கிங்கைச் சுத்தி ஒரு வட்டம் அடிச்சு வந்து எங்களுக்குப் பக்கத்தில நிப்பாட்டினா. ஒரு குலுக்கல் இல்லை.

அண்ணையின்ர சிகரெற் விழுந்துபோச்சு. “எடி பிள்ளை!” எண்டார்.

கலியாணம் கட்டி ஒன்பது வருசம். ஒன்பது வருசமும் அவ எனக்குப் பக்கத்துச் சீற்றில இருந்தவ.

“நீர் ஏன் சொல்லேல்லை?”

“பதினேழு வயசில அண்ணாதான் பழக்கினவர். எங்கட உழவு மெசினில, கடற்கரை மணலில. ஐயா கண்டுபிடிச்சு அவருக்கு அடிச்சவர். பிள்ளை மெசின் ஓடுறாள் எண்டு வெளியில தெரிஞ்சால் கலியாணம் குழம்பும் எண்டு ரெண்டு பேரிட்டயும் சத்தியம் வாங்கினவர்.”

“கலியாணம் முடிஞ்சுதுதானே.”

“அதுக்குப் பிறகு நீங்கள் கேக்கேல்லை.”

அது உண்மை. நான் கேக்கேல்லை. தேத்தண்ணியை ஊத்தித் தந்தா. குடிச்சன்.

மனிசி லைசென்ஸ் எடுக்க வெளிக்கிட்டா. அந்தக் காலத்தில ஒரு றோட் ரெஸ்ற்தான். முதல் தரம் பெயில், ஸ்ரொப் சைனில முழுசா நிக்கேல்லையாம். “மெசினுக்கு ஆர் சைன் போட்டவை?” எண்டு சோதிச்சவனை வீட்டில வந்து ஏசினா. ரெண்டாம் தரம் பாஸ். லைசென்ஸ் வந்த அண்டைக்கு ஆபிரிக்காவுக்கு ரெலிபோன் எடுத்தம்.

“அண்ணா, நான்தான் ஓடப்போறன்.”

லைன் சரசரத்துது.

“பிள்ளை,” எண்டார், “ஐயாவுக்குச் சொல்லேல்லைத்தானே?”

“ஐயா செத்து ஆறு வருசம் அண்ணா.”

“அப்ப சரி.”

ரெண்டு பேரும் சிரிச்சினம். பிறகு மனிசி சீலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைச்சா. றிசீவரை என்னட்டைத் தந்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

“மச்சான்,” எண்டார் தமையன், “ஆகஸ்றுக்கை இந்தக் கண்ணும் எப்பிடி இருக்குமோ தெரியாது. நீங்கள் எனக்குப் பின்னால இருங்கோ. எங்க என்ன நிக்குது, என்ன செய்யுது எண்டு எனக்குச் சொல்லிக்கொண்டு வரோணும்.”

“நான் கதைக்கிறது குறைவு” எண்டன்.

“தெரியும். அதுதான் கேக்கிறன். நீங்கள் சிங்கம் எண்டு சொன்னால் அங்க அது நிக்கும்.”

நான் அவருக்குப் பொய் சொன்ன ஆள். அதையும் அப்பவே சொன்னன். கிளச் ஓடத் தெரியாது, அண்டைக்குச் சும்மா சொன்னனான் எண்டு. “உதுவும் தெரியும் மச்சான்” எண்டார். அந்தக் குடும்பத்தில எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

அதுக்குப் பிறகும் நான் ஞாயிறில போறதை நிப்பாட்டேல்லை. இப்ப பக்கத்தில இருந்து பழக்கினது மனிசி. அவ கத்தேல்லை. காலை மெல்ல எடுங்கோ, இன்னும் மெல்ல, அவ்வளவுதான். பனி கரைஞ்சு, மரங்கள் துளிர்க்கேக்கை மூண்டாம் கியர் வரைக்கும் வந்திட்டன்.

ஜூலையில ஒரு பின்னேரம் அவ கொப்பித் தாளை விரிச்சு, ஆர் எந்த இடத்தில ஓடுறது எண்டு எழுதினா. மணல் எல்லாம் தனக்கு. ஆத்துப் படுக்கை தனக்கு. காம்புக்குக் காம்பு தனக்கு. எனக்கெண்டு நான் ஒண்டும் கேக்கேல்லை. பென்சிலைக் கன்னத்தில வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பாத்தா. தமையன்ர வீட்டில இருந்து முதல் பெற்றோல் அடிக்கிற இடம் வரைக்கும் நேரான தார் றோட்டு. அதுக்கு நேர என்ர பேரை எழுதித் தாளை என்ர பக்கம் தள்ளிவிட்டா.

அறுபத்திரண்டு கிலோமீற்றர்.